பூசானில் ஒரு நாள்: மலையிலிருந்து கடலுக்கு

பூசானுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி வருபவர்களுக்குப் பயண நிறுவனங்கள் கொடுக்கும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் ஹேடோங் யோங்குங்சா என்னும் கடலோரப் புத்தர் கோயில், அடுத்து ஹேயுண்டே கடற்கரை, பிற்பகலில் வண்ண வீடுகள் அடுக்கிய கம்சொன், மாலையில் ஜகல்ச்சி மீன்சந்தை, இரவில் குவாங்கான் பாலத்தின் விளக்குகள். ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்த இடந்தான். ஆனால் நகரத்தின் வரைபடத்தை விரித்து இந்த ஐந்தையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோயில் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது, கம்சொன் தென்மேற்கு ஓரத்தில். ஹேயுண்டேயிலிருந்து பழைய நகரத்தின் நடுவான நம்போவுக்கு வர, சொம்யொன் நிலையத்தில் தடம் மாறுவதையும் சேர்த்து, மெட்ரோவில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. கோயிலுக்குப் பேருந்து தனி, இரவில் பாலத்துக்குத் திரும்பிப் போவது தனி. பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரமாவது சுரங்கப்பாதையிலும் பேருந்து நிறுத்தத்திலும் போய்விடும்.

இந்த அத்தியாயம் பரிந்துரைப்பது வேறு. கிழக்குக் கடற்கரையை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிட்டு, நாள் முழுவதையும் பழைய துறைமுகத்தைச் சுற்றிய மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் செலவிடுங்கள். கம்சொன் மலைமேட்டில் தொடங்கி, அமி டோங், பூமின் டோங், போசு டோங், குக்ஜே சந்தை வழியாக இறங்கி, ஜகல்ச்சிக் கடலோரத்தில் முடியுங்கள். இப்படிச் சொல்ல நேர மிச்சம் மட்டும் காரணமல்ல. இந்தச் சரிவில் காட்சி, கடை, சாப்பாடு மூன்றும் ஒரே வரலாற்றிலிருந்து வந்தவை. ஒன்றைப் பார்த்தால் அடுத்தது விளங்கும். மற்றத் திட்டங்களில் ஐந்து இடங்கள் ஐந்து ஒளிப்படங்களாக நின்றுவிடும். இதில் நகரமே பிடிபடும்.

இரண்டே படிகளில் பிறந்த நகரம்

1876-இல் ஜப்பானுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட முதல் கொரியத் துறைமுகம் பூசான். யோங்டூசன் குன்றைச் சுற்றி ஜப்பானியக் குடியிருப்பு வளர்ந்தது. கடலை ஒட்டிய சமதளம், அகலமான தெருக்கள், மீன்பிடித் துறை, 1913-இல் திறந்த சொங்டோ கடற்கரை, 1934-இல் கட்டிய யோங்டோ தூக்குப்பாலம் எல்லாம் அந்தக் காலத்தின் வேலை. இது முதல் படி. இரண்டாவது படி மூன்றே ஆண்டுகளில் நடந்தது. 1950 ஜூன் 25-இல் வட கொரியப் படை தெற்கே இறங்கியது. சில வாரங்களில் தென் கொரிய அரசின் கையில் மிஞ்சியது நக்டோங் ஆற்றுக்கு இப்பால் இருந்த தென்கிழக்கு மூலைதான். அந்த மூலையின் பெரிய துறைமுகம் பூசான். அந்த ஆகஸ்டில் அது தற்காலிகத் தலைநகரம் ஆனது. நடுவில் சில வாரங்கள் அரசு சியோலுக்குத் திரும்பியது போக, 1953 ஆகஸ்ட் வரை அப்படியே இருந்தது. 1949-இல் 5 லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1955-இல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சமதளத்தில் இடமில்லை. வந்தவர்கள் மலைச்சரிவில் ஏறினார்கள். கல்லறைத் தோட்டத்தில் குடிசை போட்டார்கள். துறைமுகத்தில் இறங்கிய பொருளில் மிஞ்சியதையும் கசிந்ததையும் விற்றுப் பிழைத்தார்கள்.

இந்திய வாசகருக்கு இந்தத் துறைமுகத்தோடு ஒரு தொடர்பும் உண்டு. கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது போர்ப்படையை அல்ல, மருத்துவப் பிரிவை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் வந்த 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, 1950 நவம்பரில் இங்கேதான் கப்பலை விட்டு இறங்கியது.

பூசானில் இருப்பதையெல்லாம் போர்க்கால அகதிகளின் கணக்கில் எழுதிவிடுவது சரியா என்று கேட்கலாம். சரியல்ல. ஜகல்ச்சித் துறையும் மீன் தின்பண்டமான ஓமுக்கும் அதற்கு முந்தியவை. ஓமுக்கின் செய்முறையில் ஜப்பானியர் கை தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் மேலிருந்து கீழே நடக்கச் சொல்கிறோம். மேட்டில் பிந்திய பூசான், கடலோரத்தில் முந்திய பூசான், இரண்டும் கலந்த சந்தைகள் நடுவில். இந்தச் சரிவின் மதிப்பு உள்ளூர்ப் பெருமை மட்டுமல்ல என்பதற்கும் சான்று உண்டு. போர்க்காலத் தலைநகரின் இடங்களைத் தொகுத்துத் தென் கொரியா முன்வைத்த பட்டியல் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறியது. நம் வழியில் வரும் அமி டோங்கும் அன்றைய குடியரசுத் தலைவர் இல்லமும் அதில் அடங்கும்.

எந்தக் கிழமை, எந்த வண்டி

கிழமையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஜகல்ச்சியின் பெரிய கட்டடம் மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்களில் மூடியிருக்கும். குக்ஜே சந்தையில் பெரும்பாலான கடைகள் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் திறப்பதில்லை. ஆக, கவலை இல்லாத நாள்கள் புதன் முதல் சனி வரை. யோங்டோ பாலம் தூக்கப்படுவதைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஆனால் அதே சனிக்கிழமை கம்சொனில் கூட்டம் நெரியும். பாலத்தில் மனம் வைக்காதவர்கள் வியாழன் அல்லது வெள்ளி வருவது மேல். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம். செங்குத்துப் படிகள் வழுக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி அபாயம் உண்டு. அக்டோபர் நடைக்கு ஏற்ற மாதம்.

சியோலிலிருந்து கேடிஎக்ஸ் விரைவு ரயிலில் வருபவர்களுக்குப் பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இறங்கும் பூசான் நிலையமே பழைய துறைமுகத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. நிலையத்தில் பெட்டியை வைக்கும் பூட்டறைகள் உண்டு. பையைச் சுமந்துகொண்டு இந்த நடையை நடக்க முடியாது. மெட்ரோவின் முதல் தடத்தில் நம்போ இரண்டாவது நிறுத்தம், ஜகல்ச்சி மூன்றாவது, நாம் இறங்க வேண்டிய தோசொங் நான்காவது. பயண அட்டையை எந்தப் பலசரக்குச் சிறுகடையிலும் வாங்கலாம். அதில் பணம் ஏற்றக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு வங்கி அட்டை பல இயந்திரங்களில் செல்லாது. வழிகாட்டும் செயலிகளில் கூகுள் வரைபடம் கொரியாவில் நடைவழியைச் சரியாகக் காட்டுவதில்லை. நேவர் மேப் அல்லது காக்காவோ மேப்பைப் புறப்படும் முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலை: மேட்டிலிருந்து பார்க்கும் நகரம்

தோசொங் நிலையத்தின் 6-ஆம் வாயிலுக்கு வெளியே சாகா 1-1, சொகு 2, சொகு 2-2 ஆகிய எண்களில் சிறு பேருந்துகள் கம்சொனுக்கு ஏறுகின்றன. இந்த ஏற்றத்தை மட்டும் வண்டிக்கு விட்டுவிடுங்கள். ஒன்பது மணி அளவில் போய்ச் சேர்ந்தால் சுற்றுலாப் பேருந்துகள் வரும் முன் ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். கம்சொன் இன்று நீலம், மஞ்சள், இளஞ்சிவப்புச் சுவர்களாலும் குட்டி இளவரசன் சிலைக்கு முன் நீளும் வரிசையாலும் பெயர் பெற்றிருக்கிறது. அந்தச் சிலையும் சுவரோவியங்களும் 2009-இல் தொடங்கிய ஒரு கலைத் திட்டத்துக்குப் பின் வந்தவை. பார்க்க வேண்டியது அவற்றுக்கு அடியில் இருக்கும் அமைப்பை. 1950-களின் நடுவில் தேகுக்டோ என்னும் சமயத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டமாக இங்கே வந்து சரிவில் படிப்படியாக வீடு கட்டினார்கள். முன்வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்காத உயரத்தில் நிற்கிறது. முட்டுச்சந்தாக முடியும் வழிகள் அரிது, ஒவ்வொரு சந்தும் இன்னொன்றில் போய்ச் சேர்கிறது. சாலையோரப் பார்வை மேடையில் நின்று கூரைகளின் வரிசையைக் கவனித்தால் இது தெரியும். ஓவியங்களின் பின்னாலேயே ஓடினால் தெரியாது.

ஏழைகள் குடியிருந்த, இன்றும் முதியவர்கள் குடியிருக்கும் ஓர் ஊரை வேடிக்கை பார்ப்பது முறையா என்ற கேள்வி நியாயமானது. எளிதாகத் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. வீட்டு வாசலில் அமைதி கேட்டும், ஜன்னலைப் படம் எடுக்க வேண்டாம் என்றும் பலகைகள் இருக்கின்றன. பலர் படித்தும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் போகாமல் இருப்பதும் விடையாகாது. இந்தத் திட்டத்துக்கு முன் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. இன்று அங்கே விற்கும் வரைபடம், தேநீர், கைவினைப் பொருள் ஆகியவற்றில் ஊர்க்காரர்களின் கூட்டமைப்புக்கும் பங்கு உண்டு. எனவே முறை இதுதான்: பகலில் மட்டும் போங்கள், ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்து சந்துக்குள் நுழையாதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள், வாங்குவதை ஊர்க்காரர் கடையில் வாங்குங்கள். இன்னொரு நடைமுறைக் குறிப்பு: ஊரின் சரிவு மேற்கே கம்சொன் துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது, நாம் போக வேண்டிய திசை கிழக்கே. படியில் கடைசி வரை இறங்கிவிட்டால் அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். மேல் சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் ஒரு மணி நேரம் போதும்.

பேருந்து வந்த கணவாயைக் கடந்து மறுபுறம் கால்நடையாக இறங்கினால் அமி டோங். கம்சொனுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதைப் பேருந்து ஜன்னல் வழியாகவே கடந்துவிடுகிறார்கள். இந்த நாளின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. காலனிக் காலத்தில் இது ஜப்பானியர்களின் கல்லறைத் தோட்டம். போரில் ஓடிவந்தவர்களுக்கு வேறு நிலம் கிடைக்காதபோது கல்லறை மேடைகளையே அடித்தளமாக்கி வீடு எழுப்பினார்கள். பெயர் பொறித்த நடுகற்கள் படியாயின, சுவராயின, வீட்டடிக் கல்லாயின. சில வீடுகளின் கீழ்ப்பகுதியில் எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. இங்கே வண்ணப்பூச்சு குறைவு, கடை அதைவிடக் குறைவு. கம்சொனைப் பார்த்து ‘அழகு’ என்று சொன்னவர்கள் அமி டோங்கைப் பார்த்தால், அந்த அழகுக்கு முன் என்ன இருந்தது என்று அறிவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பதைவிட இரண்டையும் விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து.

நண்பகல்: இல்லமும் நூடுல்ஸும்

அமி டோங்கிலிருந்து பூமின் டோங்குக்கு இறங்க அரை மணி நேரம் போதும். அங்கே தற்காலிகத் தலைநகர நினைவகம் இருக்கிறது. 1926-இல் மாகாண ஆளுநருக்காக ஜப்பானியர் கட்டிய சிவப்புச் செங்கல் வீடு. போர் ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ இதில் குடியிருந்தார். நுழைவுக் கட்டணம் இல்லை, முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சற்று முன் பார்த்த கல்லறை வீடுகளிலிருந்து நடந்தே வரக்கூடிய தொலைவில் ஒரு நாட்டின் தலைவர் வாழ்ந்தார் என்பதை நடந்து வந்தவர்களுக்குக் கால்களே சொல்லும். அருகில் டோங்ஆ பல்கலைக்கழகத்தின் சொக்டாங் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் அன்று அரசின் தலைமைச் செயலகமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தாலும் குறையில்லை.

மதிய உணவுக்கு இரண்டு தேர்வுகள், இரண்டும் பூசானுக்கு உரியவை. முதலாவது மில்ம்யோன்: ஐஸ் மிதக்கும் குழம்புச் சாற்றில் கோதுமை நூடுல்ஸ், மேலே மிளகாய்ச் சாந்து, வெள்ளரி, பாதி முட்டை. வடக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பழக்கமானது பக்வீட் என்னும் தானியத்தின் மாவும் கிழங்கு மாவும் சேர்த்துப் பிசைந்த நெங்ம்யோன் நூடுல்ஸ். இங்கே அந்த மாவு கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதை வைத்துத் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் செய்துகொண்டார்கள். இரண்டாவது த்வேஜி குக்பாப்: பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த வெண்ணிறச் சாற்றில் இறைச்சித் துண்டும் சோறும். உப்பிட்ட சிறு இறால், வெங்காயத்தாள் ஆகியவற்றைச் சாப்பிடுபவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே ஏறத்தாழ 10,000 வொன். ஆயிரம் வொன் நம் பணத்தில் 60 ரூபாய் அளவு. வெயில் நாளில் மில்ம்யோன், குளிர்நாளில் குக்பாப் என்பது எளிய விதி. தனியாகப் போனாலும் இரண்டுக்கும் தடையில்லை. கொரியாவில் பல உணவுகள் இருவருக்குக் குறையாமல்தான் பரிமாறப்படும் என்பதால் இது தனிப்பயணிக்குப் பெரிய வசதி.

இந்த உணவுகளின் பிறப்புக் கதைகள் வியாபாரத்துக்காக மெருகேற்றப்பட்டவை என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. குக்பாப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் இருப்பது உண்மை. ‘முதல் கடை நாங்கள்’ என்று சொல்லிக்கொள்பவர்களும் பலர். எந்தக் கடை முதலாவது என்பது பயணிக்குத் தேவையில்லாத வழக்கு. தட்டில் இருக்கும் பொருளைப் பாருங்கள். அரிசிச் சோற்றையே உணவாகக் கொண்ட ஒரு நாட்டின் தென்முனையில் கோதுமை நூடுல்ஸ் ஊர் அடையாளமானது ஏன்? மலிவான எலும்பும் ஓரத்துண்டுகளும் விருந்தானது ஏன்? விடை பற்றாக்குறை. அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

பிற்பகல்: மிச்சத்திலிருந்து வந்த சந்தைகள்

சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடையில் போசு டோங் புத்தகச் சந்து. போரின்போது அமெரிக்க முகாமிலிருந்து வந்த பழைய இதழ்களைக் கூரை ஓரத்தில் பரப்பி விற்றதில் தொடங்கியது. மலைச்சரிவில் கூடாரங்களில் நடந்த பள்ளிகளுக்குப் போகும் மாணவர்களின் வழி இது என்பதால் நிலைத்தது. கொரிய மொழி தெரியாதவர்களுக்குப் படிக்க அதிகம் கிடைக்காது. பழைய வரைபடம், ஓவியத் தொகுப்பு, குழந்தைகளின் படப்புத்தகம், திரைப்பட இதழ் வாங்கலாம். புரட்டிப் பார்க்கும் முன் கடைக்காரரைக் கேளுங்கள். படம் எடுக்கும் முன்னும்தான். அரை மணி நேரம் போதும்.

சாலையைக் கடந்தால் குக்ஜே சந்தை. 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது ஊருக்குத் திரும்பிய ஜப்பானியர் விட்டுச்சென்றதும் விற்றுச்சென்றதும் இங்கே குவிந்தன. போர் வந்ததும் அகதிகளின் தட்டுக்கடைகளும் ராணுவக் கிடங்கிலிருந்து கசிந்த சரக்கும் சேர்ந்தன. 2014-இல் இந்தச் சந்தையின் பெயரிலேயே வந்த திரைப்படம் கொரியாவில் பெரும் வெற்றி பெற்றதிலிருந்து உள்நாட்டுப் பயணிகளும் தேடி வருகிறார்கள். சந்தை ஆறு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு சந்திலும் ஒவ்வொரு வகைப் பொருளாக இருக்கிறது: விளக்கு, பாத்திரம், படுக்கை விரிப்பு, கொரிய மரபுடை, மூக்குக்கண்ணாடி. பயணிக்குப் பயன்படுவதில் முதலிடம் சமையலறைப் பொருள்களுக்கு. எவர்சில்வர் கரண்டியும் தட்டைக் குச்சிகளும் சேர்ந்த இணை, கல்சட்டி, மூடியுள்ள சோற்றுக்கிண்ணம் எல்லாம் வீட்டில் அன்றாடம் பயன்படக்கூடியவை. கல்சட்டி கனம், விமானப் பெட்டியின் எடையை நினைவில் வைத்து ஒன்றோடு நிறுத்துங்கள். பழைய துணிகளுக்கென்றும் தனிச் சந்து உண்டு. நல்ல குளிர்ச்சட்டை மலிவாகக் கிடைக்கும்.

பேரம் பற்றி ஒரு தெளிவு. கொரியச் சந்தைகளில் விலை பெரும்பாலும் எழுதியோ சொல்லியோ முடிந்த விலை. பாதி விலைக்குக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் இரண்டு மூன்று பொருள் சேர்த்து வாங்கி, ரொக்கமாகக் கொடுத்தால் சிறிது குறைப்பார்கள். அதைவிட எளிதாகக் கொசுறு கிடைக்கும். உணவுப் பொருளில் ஒரு கைப்பிடி கூடப் போடுவது அங்கே பழைய வழக்கம். கேட்காமலே போடுவார்கள், புன்னகையோடு கேட்டாலும் போடுவார்கள்.

கடை என்றால் இதற்கு எதற்கு வர வேண்டும், சென்டம் சிட்டியில் இருக்கும் ஷின்செகே போதாதா என்று கேட்கலாம். உலகின் மிகப் பெரிய பல்பொருள் அங்காடி என்று 2009-இல் கின்னஸ் பதிவில் ஏறிய கடை அது. உயர்விலைப் பெயர்களை வாங்க வந்தவர்களுக்கு அதுவே சரி. ஆனால் அங்கே உள்ள பெரும்பாலான பெயர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கின்றன. கொரிய அழகுசாதனப் பொருள்கள்தான் நோக்கம் என்றால் குக்ஜே சந்தைக்கு ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள குவாங்போக் சாலையில் எல்லாக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒரே ரசீதில் 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் வரித் தள்ளுபடிக் கடைகளில் வெளிநாட்டவருக்குச் சலுகை உண்டு. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். சந்தைக் கடைகளில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

பசி எட்டிப் பார்க்கும் நேரம் இது. நம்போவில் உள்ள பிஃப் சதுக்கம், 1996-இல் பூசான் திரைப்பட விழா தொடங்கிய இடம். விழா இப்போது ஹேயுண்டே பக்கம் போய்விட்டது. தரையில் பதித்த திரைக் கலைஞர்களின் கைத்தடங்களும் தின்பண்ட வண்டிகளும் இங்கேயே தங்கிவிட்டன. வரிசையில் நின்று வாங்க வேண்டியது ஷியாத் ஹொத்தொக். நாட்டுச்சர்க்கரை வைத்துப் பொரித்த மாவு அடையைக் கத்தரியால் பிளந்து, சூரியகாந்தி, பூசணி விதைகளை அள்ளி அடைத்துக் கொடுப்பார்கள். பாகு கொதிக்கும், முதல் கடியை அவசரப்படாதீர்கள்.

மாலை: ஜகல்ச்சியில் எப்படி வாங்குவது, எப்படி உண்பது

மீன்சந்தைக்குக் காலையில்தானே போக வேண்டும் என்பது இயல்பான மறுப்பு. மொத்த ஏலம் விடியற்காலையில் நடப்பது உண்மை. ஆனால் அது ஜகல்ச்சியில் அல்ல, சற்றுத் தள்ளி உள்ள கூட்டுறவு மீன்சந்தையில். ஜகல்ச்சி சில்லறைச் சந்தை; பெரிய கட்டடம் இரவு வரை இயங்கும். மீன் தொட்டியில் உயிரோடு இருப்பதால் மாலையில் வாங்குவதில் குறைவில்லை. ஐந்து மணி அளவில் வந்தால் தெருவோரக் கடைகளையும் பார்க்கலாம், பின்னால் உள்ள திறந்த மேடையில் துறைமுகத்தில் விளக்கேறுவதையும் பார்க்கலாம். கடைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடும்பத்தைக் காக்கக் கடலோரத்தில் கூடையோடு உட்கார்ந்த பெண்களின் வரிசையே இந்தச் சந்தைக்கு முகம் தந்தது. குரல் உரத்து ஒலிக்கும். அது பூசான் பேச்சின் இயல்பு, சண்டை என்று நினைக்க வேண்டாம்.

கட்டடத்தின் தரைத்தளத்தில் மீனைத் தேர்ந்தெடுத்து, மேல்தளத்தில் உட்கார்ந்து உண்பது முறை. விலையில் ஏமாறாமல் இருக்க மூன்று கேள்விகள் போதும். கிலோ என்ன விலை? இந்த மீன் என்ன எடை? மேலே தலைக்கு எவ்வளவு மேசைக் கட்டணம்? மூன்றுக்கும் விடையைக் கைபேசிக் கணிப்பானில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்; அதன் பின்பே மீன் தொட்டியை விட்டு வெளியே வரட்டும். பச்சை மீனுக்கு குவாங்கொ என்னும் தட்டைமீனும் உரோக் என்னும் பாறைமீனும் முதல்முறை உண்பவர்களுக்கு ஏற்றவை. எலும்பையும் தலையையும் மேவுந்தாங் என்னும் காரச் சாறாகக் கொதிக்கவைத்துத் தரச் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம். இருவர் உண்டால் மதிய உணவைப்போலப் பல மடங்கு ஆகும், அதற்குத் தயாராகப் போங்கள். பச்சை மீன் வேண்டாதவர்களுக்கு அருகிலேயே வறுத்த மீனும் சோறும் தரும் எளிய கடைகள் இருக்கின்றன. துணிந்தவர்களுக்குக் கொம்ஜாங்கொ: விலாங்கைப் போன்ற உருவமுள்ள, தாடையில்லாத கடலுயிர். தோலுக்காகப் பிடிக்கப்பட்டு, வேண்டாமென்று ஒதுக்கிய சதையைப் பஞ்சக் காலத்தில் மிளகாய்ச் சாந்தில் வதக்கித் தின்னத் தொடங்கியதே இன்று சிறப்பு உணவாகியிருக்கிறது.

ஊருக்கு வாங்கிவர ஏற்றது ஜகல்ச்சிக்கும் யோங்டோ பாலத்துக்கும் நடுவே உள்ள உலர்மீன் சந்தை. காலனிக் கால இரண்டடுக்கு மர வீடுகள் சில இன்னும் கடைகளாக நிற்கின்றன. நெத்திலியை அளவு வாரியாகப் பிரித்துப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். கொரிய நெத்திலி உப்புநீரில் அவித்த பின் உலர்த்தப்படுவதால் நம் கருவாட்டைவிட வாடை குறைவு. அதோடு கடற்பாசித் தாள், மியோக் என்னும் சூப்புப் பாசி. எல்லாம் எடை குறைந்தவை, கெடாதவை. இரண்டு உறையில் இறுகக் கட்டச் சொல்லிப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஏழரைக்கு மேல் புப்யோங் கங்த்தோங் சந்தையில் இரவுக்கடைகள் தொடங்கும். ராணுவ முகாமிலிருந்து வந்த டப்பா உணவுகளை விற்றதால் டப்பாச் சந்தை என்றே பெயர் பெற்றது. 2013-இல் இங்கே தொடங்கியதுதான் கொரியாவின் முதல் நிலையான இரவுச்சந்தை. நகரும் வண்டிகளில் புதுமைத் தின்பண்டங்கள் அதிகம். அவற்றில் பல வேறெங்கும் கிடைப்பவை. இங்கே தேட வேண்டியவை மூன்று: குச்சியில் கோத்து வெந்நீர்ச் சாற்றில் ஊறும் ஓமுக், மிளகாய்ச் சாந்தில் பிரட்டிய கண்ணாடி நூடுல்ஸான பிபிம் தாங்ம்யோன், கஞ்சிக் கடைகளின் பூசணிக் கஞ்சி.

சைவ உணவினருக்கு

இதுவரை சொன்னதில் சைவர்களுக்கு என்ன இருக்கிறது என்ற மறுப்புதான் மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது. ஒளிக்காமல் சொன்னால், பூசானின் பெயர்பெற்ற உணவுகளில் பெரும்பாலானவை அவர்களுக்கு இல்லை. மில்ம்யோனின் சாறு எலும்பிலிருந்து வருகிறது; ஓமுக் மீன்; கிம்ச்சியில்கூட உப்பிட்ட இறாலோ மீன்சாறோ சேரும். கோகி என்றால் இறைச்சி. ‘கோகி வேண்டாம்’ என்று சொன்னால் மீன் வேண்டாம் என்று பொருளாகாது, ஹேசன்முல் என்னும் கடலுணவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாபாகோ மொழிபெயர்ப்புச் செயலியில் இறைச்சி, மீன், இறால், மீன்சாறு நான்கையும் விலக்கும் வாக்கியத்தைக் கொரிய எழுத்தில் சேமித்து வைத்துக் காட்டுவது பாதுகாப்பு. உண்ணக் கூடியவை: விதை அடைத்த ஹொத்தொக், பூசணிக் கஞ்சி, செம்பயற்றுக் கஞ்சி, இறைச்சியும் முட்டையும் நீக்கச் சொன்ன, காய்கறி கலந்த சோறான பிபிம்பாப், பழங்கள். மதியம் பிபிம்பாப், இரவு கஞ்சி என்று வைத்துக்கொண்டால் நாள் ஓடிவிடும். கிழக்குக் கடற்கரைக்குப் போனாலும் இந்தச் சிக்கல் குறையாது; அங்கும் முதன்மை உணவு மீனும் இறைச்சியும்தான். ஆகவே இது பூசான் முழுமைக்குமான குறை, பழைய துறைமுகத்துக்கு மட்டும் உரியதல்ல.

நேரம் சுருங்கினால்

கடலில் கால் நனைக்காமல் கடற்கரை நகரத்தை விட்டுப் போவதா என்று மனம் கேட்டால், ஹேயுண்டே வரை போக வேண்டியதில்லை. ஜகல்ச்சியிலிருந்து பேருந்தில் சிறிது தொலைவில் சொங்டோ கடற்கரை. 2017 முதல் கடலுக்கு மேலே கம்பிவட ஊர்தியும் மீண்டும் ஓடுகிறது. போசு டோங்கையும் குவாங்போக் சாலையையும் விட்டுவிட்டால் அதற்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கம்சொனில் மேல் சாலையோடு நிறுத்தி, பேருந்திலேயே இறங்கி, அமி டோங்கில் ஒரு நிறுத்தத்தில் மட்டும் இறங்கிப் பார்க்கலாம். ரயில் தாமதமாகி நாள் குறைந்துவிட்டால் விடும் வரிசை இது: முதலில் போசு டோங், அடுத்து இரவுச்சந்தை. அரை நாள்தான் மிச்சம் என்றால் அமி டோங், குக்ஜே, ஜகல்ச்சி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இதே வரிசையில் இறங்குங்கள். இரண்டாவது நாள் கிடைப்பவர்களுக்குத்தான் கோயிலும் ஹேயுண்டேயும் குவாங்கான் பாலமும். அவற்றுக்கான திட்டத்தைத் தனியாக வகுத்துக்கொள்ளுங்கள், இந்த நாளோடு கலக்க வேண்டாம்.